இன்னும் படிக்காத பாடத்தைப் பற்றி ஒரு கருத்து

செமஸ்டரின் முதல் வாரம். ஆசிரியர் இன்னும் ஒரு சூத்திரத்தைக்கூடப் பலகையில் எழுதவில்லை. அதற்குள் மாணவர் கைக்கு 36 கூற்றுகள் அடங்கிய ஒரு தாள் வந்துவிடுகிறது. பாடம் பிடிக்குமா, பயமாக இருக்கிறதா, தன்னால் முடியுமா, வேலைக்கு உதவுமா, எவ்வளவு உழைக்க எண்ணம் என்று பல கோணங்களில் அந்தக் கூற்றுகள் விசாரிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். 1 என்றால் முழு மறுப்பு. 7 முழு உடன்பாடு. 4 இரண்டும் இல்லை. செமஸ்டர் முடிகிற வாரத்தில் ஏறக்குறைய அதே தாள் மறுபடி வரும். இரண்டு தடவையும் கிடைத்த எண்களின் வித்தியாசம்தான் அந்தப் பாடம் மாணவர் மனத்தில் உண்டாக்கிய மாற்றம் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

புள்ளியியலை விரும்பி எடுத்தவர்களுக்கான தாள் அல்ல இது. உளவியல், சமூகவியல், செவிலியம், வணிக நிர்வாகம், கல்வியியல் படிக்க வந்த இடத்தில், பட்டம் வாங்க வேண்டுமானால் இந்த ஒரு பாடத்தையும் தாண்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களே பெரும்பாலும் இதை நிரப்புகிறார்கள். அவர்களிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தேர்வு முடிந்த மறுவாரமே சூத்திரங்கள் மறந்துபோகலாம்; பாடத்தின் மீது ஏற்பட்ட வெறுப்போ மதிப்போ அத்தனை சீக்கிரம் போகாது. பிற்காலத்தில் ஒரு மருந்துச் சோதனையின் முடிவையோ தேர்தல் கருத்துக்கணிப்பையோ பார்க்கும்போது நின்று யோசிப்பாரா, பக்கத்தைப் புரட்டிவிடுவாரா என்பதில் அந்த மிச்சத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே மனப்பான்மையை அளக்கவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் சந்தேகம் முதல் நாள் எண்ணைப் பற்றியது. அது எதன் மீதான மனப்பான்மை?

மனப்பான்மையை அளக்க முடியும் என்ற துணிச்சலுக்கு ஏறக்குறைய நூறு வயது. 1928இல் லூயி தர்ஸ்டன் அதையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் முறையில் ஒவ்வொரு கூற்றின் எடையையும் நடுவர் பலரை வைத்துத் தீர்மானிக்க வேண்டும், பெரிய வேலை. 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் அந்தச் சுமையை இறக்கிவைத்தார். நடுவர்கள் வேண்டாம், பதில் சொல்பவரே உடன்பாட்டின் அளவைப் படிகளில் குறிக்கட்டும், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றார். இன்று வங்கியிலும் ஓட்டலிலும் நம்மிடம் நீட்டப்படும் கருத்துத் தாள்கள் பலவும் அவர் வழி வந்தவை.

புள்ளியியல் பாடத்துக்கென்றே 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை 1980இல் டென்னிஸ் ராபர்ட்ஸ், எட்வர்ட் பில்டர்பேக் இருவரும் வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து ஸ்டீவன் வைஸ் அதிலிருந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். அந்தக் கூற்றுகளில் பல மனப்பான்மையைக் கேட்கவில்லை; கணக்குப் போட வருகிறதா, பாடம் புரிந்ததா என்று கேட்டன. அப்படிக் கேட்டால் விடை மதிப்பெண்ணோடு ஒத்துப்போவதில் என்ன அதிசயம்? தேர்ச்சியைத் தேர்ச்சியோடு ஒப்பிட்டுவிட்டு, மனப்பான்மைக்கும் மதிப்பெண்ணுக்கும் உறவு இருக்கிறது என்று அறிவித்ததாகிவிடும். மேலும், பாடமே தொடங்காத மாணவரால் அவற்றுக்குப் பதில் சொல்லவும் முடியாது. வைஸ் தன் பங்குக்கு 29 கூற்றுகளில் வேறொன்றைச் செய்தார். தான் உட்கார்ந்திருக்கும் இந்த வகுப்பைப் பற்றிய மனப்பான்மை வேறு, புள்ளியியல் என்ற துறையைப் பற்றிய மனப்பான்மை வேறு என்று இரண்டாகப் பிரித்தார். எளிமையான பிரிப்பு, ஆனால் தேவையானது. வகுப்பைப் பிடிக்காதவர் துறையை மதிக்கலாம் அல்லவா?

அதே 1985இல் பதற்றத்தை அளக்கவென்று தனியாக ஓர் அளவுகோலும் வந்தது. க்ரூஸ், கேஷ், போல்ட்டன் மூவரும் செய்த அதன் 51 கூற்றுகள் ஆறு பகுதிகளாகப் பிரிகின்றன. அவற்றில் ஒன்று புள்ளியியல் ஆசிரியர் மீதான பயத்துக்கே ஒதுக்கப்பட்டது. சந்தேகம் கேட்கப் பயப்படுவதற்கு இன்னொன்று. வேறு எந்தப் பாடத்து ஆசிரியருக்காவது இப்படி ஒரு கௌரவம் கிடைத்திருக்கிறதா என்று தெரியவில்லை.

இப்போது அதிகம் புழங்குவது 1995இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் கேண்டஸ் ஷாவும் சகாக்களும் வெளியிட்டதுதான். ஆய்வாளர் தன் அறையில் உட்கார்ந்து கூற்றுகளைக் கற்பனை செய்யாமல், மாணவர்களையும் ஆசிரியர்களையும் கூட்டிவைத்து, இந்தப் பாடத்தைப் பற்றி மனிதர்கள் என்னென்ன சொல்கிறார்கள் என்று திரட்டி வகைப்படுத்தி அதைக் கட்டினார்கள். முதலில் 28 கூற்றுகள், நான்கு கூறுகள்: உணர்வு, தன் அறிவுத்திறன் மீதான நம்பிக்கை, மதிப்பு, கடினம். 2003இல் ஆர்வம், முயற்சி என்று தலா நான்கு கூற்றுகள் கொண்ட இரண்டு கூறுகள் சேர்ந்து 36 ஆனது. ஒருவர் ஒரு வேலையில் இறங்குவது, அது தன்னால் முடியும் என்ற எதிர்பார்ப்பையும் அதற்குத் தான் தரும் மதிப்பையும் பொறுத்தது என்ற ஜாக்குலின் எக்கிள்ஸின் கொள்கை இந்த ஆறு கூறுகளுக்கும் அடிப்படையாகச் சொல்லப்படுகிறது.

கணக்கிடும் விதத்தில் ஓரிரு விசித்திரங்கள் உண்டு. எதிர்மறைக் கூற்றுகளுக்கு எண்ணைத் திருப்பிப் போட வேண்டும். 7 என்று குறித்திருந்தால் 1. திருப்பிப் போட்டபின் எல்லாக் கூறுகளிலும் கூடுதல் எண் நல்ல மனப்பான்மையைக் காட்டும். ஆகவே ‘கடினம்’ என்ற கூறில் ஒருவர் 6 வாங்கினால், பாடம் எளிது என்று அவர் நினைக்கிறார் என்று பொருள். இதைத் தலைகீழாக வாசித்துத் தடுமாற நிறைய வாய்ப்பு இருக்கிறது. கூறு கூறாக நம்பகத்தன்மையைச் சோதித்தால் கடினம் என்ற இதே கூறுதான் பெரும்பாலும் பின்தங்குகிறது. நம்பகத்தன்மையைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண்ணில் மற்றவை 0.8ஐ ஒட்டி நிற்கும்போது இது சில மாதிரிகளில் 0.6களுக்கு இறங்கிவிடுகிறது. தனக்குக் கடினமா என்பதும் பொதுவாக மனிதர்களுக்குக் கடினமா என்பதும் அதில் கலந்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு முரணைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. ஏழு படிகளும் சம இடைவெளியில் அமைந்தவை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 3க்கும் 4க்கும் உள்ள மன தூரம் 6க்கும் 7க்கும் உள்ள தூரமாக இருக்க வேண்டியதில்லை. எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் அளவீடுகளை நான்கு வகையாகப் பிரித்ததிலிருந்து, வரிசையை மட்டும் காட்டும் எண்களுக்குச் சராசரி காணாதே, இடைநிலையைப் பார் என்பது அறிமுக வகுப்புகளின் தொடக்கப் பாடம். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரே வகுப்பு முடிந்ததும் அறைக்குப் போய், மாணவர்களின் தாள்களைக் கூட்டி 4.37 என்று சராசரி எழுதுகிறார். பல கூற்றுகளைச் சேர்த்துக் கூட்டும்போது இந்தத் தவறு பெரிய சேதம் செய்வதில்லை என்று அவர் தரப்பில் வாதம் உண்டு. ஓரளவு நியாயமான வாதம்தான். மாணவரிடமும் அதைச் சொல்லிவிடலாம்.

2012 நவம்பரில் ஷாவும் துருக்கியைச் சேர்ந்த எஸ்மா எம்மியோலுவும் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பல கல்லூரிகளில், அறிமுகப் புள்ளியியல் நடக்கும் 101 வகுப்புப் பிரிவுகள், சுமார் 2,200 மாணவர்கள். கேள்வி நேரடியானது: இந்தப் பாடம் மனப்பான்மையை மேம்படுத்துகிறதா? உணர்வும் திறன் மீதான நம்பிக்கையும் கடினம் பற்றிய எண்ணமும் சராசரியில் இருந்த இடத்திலேயே நின்றன. மதிப்பு, ஆர்வம், முயற்சி மூன்றும் குறைந்தன. ஏழு படி அளவில் அரைப் புள்ளிக்கு மேல் நகர்ந்தால்தான் நடைமுறையில் பொருட்படுத்தத்தக்கது என்று அவர்கள் முன்கூட்டியே ஓர் எல்லை வைத்துக்கொண்டார்கள். நல்ல பழக்கம். 2,200 பேர் இருந்தால் மிகச் சிறிய வித்தியாசம்கூடப் புள்ளியியல்படி ‘பொருளுடையது’ என்று கணினி சொல்லிவிடும். அது பெரிதா சிறிதா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

இந்த முடிவைப் பலரும் ஆசிரியர்களின் தோல்வியாக வாசித்தார்கள். மாணவர் ஆர்வத்தோடு வருகிறார், நாம் அணைத்துவிடுகிறோம் என்று. எனக்கு அந்த வாசிப்பு அவசரமாகத் தோன்றுகிறது.

முயற்சியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் எல்லோரும் உழைக்கத் தயார்தான். எல்லா வகுப்புக்கும் வருவேன், எல்லாப் பயிற்சியையும் செய்வேன் என்பதற்கு யார்தான் மறுப்புக் குறிப்பார்கள்? அந்த எண் தொடக்கத்திலேயே உச்சத்தை ஒட்டி நிற்கிறது. அங்கிருந்து ஏற இடமில்லை, இறங்கத்தான் இடம் இருக்கிறது. இதில் பாடத்தின் குற்றத்தைவிட அளவுகோலின் கூரை உயரம் போதாததுதான் அதிகம் தெரிகிறது. போதாக்குறைக்கு, இரண்டு தாள்களையும் ஒரே மாணவருடையது என்று பொருத்த வேண்டுமே. அதற்குப் பெயரோ பதிவெண்ணோ ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். அடையாளம் எழுதிய தாளில், செமஸ்டர் முழுக்க மதிப்பெண் போடப்போகிறவர் கையில் சேரக்கூடும் என்ற நினைப்பில், மரியாதை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

மதிப்பும் ஆர்வமும் வேறு கதை. இங்கேதான் முதல் நாள் எண் எதைப் பற்றியது என்ற கேள்வி உறைக்கிறது. மாற்றலில் முன்பின் பார்க்காத ஊருக்குப் போகிறவரிடம் ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், தனக்குத் தெரிந்த பக்கத்து ஊரை நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு பதில் சொல்வார். புள்ளியியலுக்கு அந்தப் பக்கத்து ஊர் கணிதம். பள்ளியில் கணக்கில் எத்தனை வாங்கினோம், கணக்கு வாத்தியார் பலகைக்கு அழைத்தபோது என்ன ஆனது என்ற நினைவுகளிலிருந்துதான் உணர்வும் தன்னம்பிக்கையும் பற்றிய விடைகள் வருகின்றன. அளவுகோலே இதற்கு இடம் கொடுக்கிறது: கணக்கில் நிறையப் பிழை விடுவேன் என்ற பொருளில் ஒரு கூற்று திறன் நம்பிக்கைப் பகுதியில் இருக்கிறது, பெருங்கணக்குகள் போட வேண்டிய பாடம் என்ற பொருளில் ஒன்று கடினம் பகுதியில் இருக்கிறது.

பெல்ஜியத்தின் லூவனில் வான்ஹூஃப் குழுவினர் 2011இல் இந்த 36 கூற்றுகளை, எவை சேர்ந்து நகர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியபோது, உணர்வு, திறன் நம்பிக்கை, கடினம் மூன்றும் மிக நெருங்கி நகர்வதைக் கண்டார்கள். மூன்றையும் ஒன்றாக இணைத்துவிட்டாலும் பெரிதாக எதையும் இழக்கமாட்டோம் என்பது அவர்கள் முடிவு. எனக்கு இது என் சந்தேகத்துக்குத் துணையாகவே படுகிறது. பிடிக்குமா, முடியுமா, கடினமா என்ற மூன்று கேள்விக்கும் மாணவர் ஒரே இடத்திலிருந்து பதில் எடுக்கிறார்: ‘எனக்குக் கணக்கு வராது’ அல்லது ‘எனக்கு வரும்’.

மதிப்பு என்ற கூறு அந்த மூன்றோடு சேராமல் தனித்து நிற்பதற்கும் அதே தர்க்கத்தில் விளக்கம் உண்டு. புள்ளிவிவரம் தொழிலுக்கு உதவும் என்பது செய்தித்தாள் வாசிக்கும் யாருக்கும் காதில் விழுந்த பொதுக் கருத்து. அதை மறுக்க முதல் நாள் மாணவரிடம் காரணம் எதுவும் இல்லை. மூன்று மாதம் கழித்து, அட்டவணையைப் பார்த்து டி சோதனை போட்டு, 0.05ஐவிடச் சிறியதா என்று பார்த்து ஒரு வரி முடிவு எழுதிப் பழகியபின், இது என் வேலையில் எங்கே வரும் என்று அவருக்கு உண்மையாகவே ஒரு கருத்து உருவாகிறது. முதல் எண் வதந்தியிலிருந்து வந்தது, இரண்டாவது அனுபவத்திலிருந்து. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் கிடைப்பதை மாற்றம் என்று சொல்லலாமா? கல்வி மதிப்பீட்டில் இந்தச் சிக்கல் பழையதுதான். அளவுகோல் அதேதான், அளக்கப்படுபவர் அதைப் புரிந்துகொள்ளும் விதம் இடையில் நகர்ந்துவிடுகிறது என்று ஜார்ஜ் ஹோவர்ட் 1970களின் இறுதியிலேயே எழுதினார். கடைசி வாரத்தில், முதல் நாள் நீ எப்படி இருந்தாய் என்று இப்போது திரும்பிப் பார்த்துச் சொல் என்று கேட்பது அவர் வைத்த தீர்வு. அதிலும் நினைவு தனக்குச் சாதகமாகக் கதை கட்டும். ஆனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் குறைந்தது எவ்வளவு நகர்ந்தது என்றாவது தெரியும்.

என் வாதத்துக்கு எதிராக வலுவான ஆதாரம் ஒன்று இருக்கிறது. 2004இல் ஹில்டன், ஷாவ், ஆல்சன் மூவரும் முதல் நாள் விடைகளின் உள்ளமைப்பும் கடைசி நாள் விடைகளின் உள்ளமைப்பும் ஒன்றாகவே இருக்கின்றன என்று காட்டினார்கள். ஆண் பெண் இருபாலரிடமும் அப்படியே. அமைப்பு ஒன்றுதான் என்றால் பொருளும் ஒன்றுதானே என்று கேட்கலாம். அப்படிச் சொல்லிவிட முடியாது என்றே நினைக்கிறேன். கூற்றுகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்பதைத்தான் அந்தச் சோதனை பார்க்கிறது. ‘புள்ளியியல்’ என்ற சொல்லைப் படித்தபோது மாணவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை அது பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. முழுக்கக் கணிதத்தைப் பற்றியே பதில் சொன்னாலும் அதே அமைப்பு கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

இடோ கல், லிண்டா கின்ஸ்பர்க் இருவரும் 1994லேயே இதைத் தொட்டுவிட்டார்கள். எண்ணைக் குறிக்கச் சொன்னால் ஏன் அந்த எண் என்று தெரிவதில்லை. எழுதச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள் என்றார்கள். அந்தக் கட்டுரையைப் பலரும் மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்த பத்தியிலேயே ஏழு படித் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். காரணம் புரியாததல்ல. நூறு பேர் எழுதிய வரிகளை ஆள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். 36 எண்களைக் கணினி கூட்டிவிடும்.

கடைசி வாரத்தில் தாளை நிரப்புபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நடுவில் பாடத்தைக் கைவிட்டவர் அங்கே இல்லை. வகுப்புக்கு வருவதை நிறுத்தியவரும் இல்லை. மிஞ்சியவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தவர்கள். அப்படியும் சரிவு தெரிகிறதென்றால், எல்லோரும் இருந்திருந்தால் இன்னும் ஆழமாகத் தெரிந்திருக்கலாம். இந்தப் புள்ளி என் வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்பவர்களுக்கு இதுதான் நல்ல ஆயுதம்.

மனப்பான்மை மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறதா என்ற கேள்வியில் இவ்வளவு நேரம் நிற்க வேண்டியதில்லை. எம்மியோலுவும் யெஷிம் சாபா அய்தனும் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உணர்வுக்கும் திறன் நம்பிக்கைக்கும் மதிப்பெண்ணோடு உள்ள ஒட்டுறவு 0.3ஐ ஒட்டியும், மதிப்புக்கும் கடினத்துக்கும் 0.2ஐ ஒட்டியும் இருந்தது. அமெரிக்க ஆய்வுகளில் உறவு கொஞ்சம் வலுவாகவும் பிற நாடுகளில் மெலிந்தும் இருந்தது. 0.3ஐ வர்க்கப்படுத்தினால் 0.09, அதாவது மதிப்பெண் ஏற்ற இறக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் எது எதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. இடைத்தேர்வில் 80 வாங்கியவருக்குப் பாடம் பிடித்துப்போவதில் உளவியல் மர்மம் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுக் கல்வியியல் துறைகளுக்கு மனப்பான்மை அளவுகோல் புதியதல்ல. எம்.எட்., எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வேடுகளில் ஏதோ ஒன்றின் மீதான மனப்பான்மை என்ற தலைப்புக்குக் குறைவே கிடையாது. வடிவமும் பழகியது: ஒரு வினாப்பட்டியல், சில நூறு மாணவர், பிறகு ஆண்-பெண், கிராமம்-நகரம், அரசு-தனியார் என்று இரண்டிரண்டாகப் பிரித்து டி சோதனை, வித்தியாசம் உண்டு அல்லது இல்லை என்று அத்தியாயத்தின் முடிவில் ஒரு வரி. கைக்கெட்டும் பிரிவுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, கேள்விக்கு உயிர் கொடுக்கும் பிரிவை விட்டுவிடுகிறோம். புள்ளியியல் விஷயத்தில் அந்தப் பிரிவு நம்மிடம் கண்முன்னே இருக்கிறது. பி.காம். முதலாண்டு வகுப்பில், மேல்நிலையில் ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ படித்துவிட்டு வந்தவரும் இருப்பார், பத்தாம் வகுப்போடு கணிதத்துக்குக் கும்பிடு போட்டவரும் இருப்பார். பி.ஏ. பொருளியலிலும் இந்தக் கலவை உண்டு. ஒருவருக்குப் புள்ளியியல் ஏற்கெனவே அறிமுகமான ஊர். மற்றவருக்கு வெறும் பெயர்.

அமெரிக்காவில் இப்போது நடக்கும் முயற்சி வேறு திசையில் போகிறது. டக்ளஸ் விட்டேக்கர், அலானா அன்ஃப்ரீட், மார்ஜரி பாண்ட் முதலியோர் பழைய அளவுகோலின் குறைகளை 2022இல் விரிவாக எழுதினார்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் புதிதாக ஒரு குடும்பமாக அளவுகோல்களைக் கட்டிவருகிறார்கள். மாணவருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, வகுப்பும் நிறுவனமும் எப்படி இருக்கின்றன என்று பதிய இன்னொன்று. புள்ளியியலுக்கும் தரவு அறிவியலுக்கும் தனித்தனியாக. ஆசிரியரையும் கேட்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. புள்ளியியலைத் தன் துறைக்கு வெளியிலிருந்து வந்த சுமையாக நினைத்துக்கொண்டு நடத்துபவரும் உண்டல்லவா.

ஆனால் முதல் நாள் எண்ணின் புதிரை அவிழ்க்க அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. மேலே சொன்ன பி.காம். வகுப்பே போதும். 36 கூற்றுகளுக்கு முன்னால் வெற்றிடமாக இரண்டு வரி விட்டு, புள்ளியியல் என்றால் என்ன என்று நினைக்கிறாய் என்று எழுதச் சொல்லலாம். செமஸ்டர் முடிவில் இரு தரப்பின் சரிவையும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஏற்கெனவே படித்துவிட்டு வந்தவர்களிடம் மதிப்பும் ஆர்வமும் அதிகம் இறங்காமல், பெயரை மட்டும் கேள்விப்பட்டு வந்தவர்களிடம் இறங்கினால், அமெரிக்க ஆய்வு கண்ட சரிவில் ஒரு பங்கு வதந்தி கலைந்ததால் வந்தது என்று சொல்ல இடமுண்டு. இரு தரப்பும் வேறு பல வகைகளிலும் வேறுபட்டவை என்பதால் அதோடு வழக்கு முடிந்துவிடாது. கணித மதிப்பெண்ணையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும். இரு தரப்பிலும் ஒரே அளவு இறங்கினால் என் சந்தேகத்தை நான் கைவிட வேண்டும். சரிவுக்கான காரணத்தை வகுப்பறைக்குள்ளேதான் தேட வேண்டும்.